எல்லாம் பச்சையாக இருந்தால் சந்தேகப்படுங்கள்

2006 செப்டம்பரில் ஆலன் முலாலி ஃபோர்டு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது கார் தொழிலில் அவருக்கு அனுபவம் கிடையாது. அதுவரை போயிங்கில் விமானம் செய்துகொண்டிருந்தவர். வந்ததும் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார். வியாழக்கிழமைதோறும் காலையில் உயர் அதிகாரிகள் எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். அவரவர் துறையின் நிலவரத்தை நிறம் போட்டுக் காட்ட வேண்டும். திட்டப்படி நடந்தால் பச்சை. தடுமாறினால் மஞ்சள். சிக்கிக்கொண்டால் சிவப்பு.

வாரங்கள் போயின. வந்த தாள்கள் எல்லாம் பச்சை. அந்த ஆண்டில் ஃபோர்டின் நஷ்டமோ 1,200 கோடி டாலரைத் தாண்டியது. இவ்வளவு பணம் போய்க்கொண்டிருக்கிறது, சரியில்லாதது ஒன்றுகூடவா இல்லை என்று முலாலி கேட்டுப் பார்த்தார். யாரும் வாய் திறக்கவில்லை.

பிறகு ஒரு வாரம் மார்க் ஃபீல்ட்ஸ் சிவப்பைக் காட்டினார். அமெரிக்கக் கண்டத்து வியாபாரம் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். கனடாவின் ஓக்வில் தொழிற்சாலையில் தயாரான ‘எட்ஜ்’ என்ற புது வண்டியில் ஒரு கோளாறு. விற்பனைக்கு அனுப்பாமல் நிறுத்தி வைத்திருந்தார். அவர் கதை முடிந்தது என்றே அறையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அந்தக் கம்பெனியின் பழைய வழக்கம் அப்படி. முலாலி கைதட்டினார். நிலைமை தெளிவாகத் தெரிகிறது என்று பாராட்டிவிட்டு, இதற்கு யார் உதவ முடியும் என்று கேட்டார். மேஜையைச் சுற்றி இருந்தவர்களிடமிருந்தே வழிகள் வந்தன.

மேலாண்மை வகுப்புகளில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கைதட்டலோடு நிறுத்திவிடுகிறார்கள். கைதட்டுவது சுலபம். மற்ற அதிகாரிகளுக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு: அடுத்த வியாழக்கிழமை ஃபீல்ட்ஸ் அதே நாற்காலியில் இருப்பாரா? இருந்தார். அதற்கப்புறம்தான் மற்றவர்களின் தாள்களிலும் மஞ்சளும் சிவப்பும் எட்டிப் பார்த்தன. உண்மை சொன்னவனுக்கு மறுவாரம் என்ன ஆனது என்பதைப் பார்த்துத்தான் ஒரு அலுவலகம் பேசக் கற்றுக்கொள்கிறது.

2009இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் நீதிமன்றத்தின் படியேறின, ஃபோர்டு ஏறவில்லை. அதற்கு மீட்டிங் மட்டும் காரணமல்ல. 2006 கடைசியிலேயே, கடன் கிடைக்கும் காலத்திலேயே, நீல நிற லோகோ உட்பட சொத்துகளை அடமானம் வைத்து 2,360 கோடி டாலர் திரட்டியிருந்தார்கள். வீட்டில் அரிசி தீர்வதற்கு முன்பே கடைக்குப் போன மாதிரி. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: சிவப்பைக் காட்டிய ஃபீல்ட்ஸ் 2014இல் ஃபோர்டின் தலைவரானார், 2017இல் பதவி இழந்தார். மறைமலை நகர் ஆலையில் 2022இல் ஃபோர்டு உற்பத்தியே நின்றது. ஆக, நேர்மையான மீட்டிங் எல்லா நோய்க்கும் மருந்தல்ல. ஆனால் அது இல்லாமல் எந்த நோயும் தெரியவராது.

‘ஆல்மோஸ்ட் முடிஞ்சிருச்சு சார்’

நம் ஊர் அலுவலகங்களில் பச்சை மை இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. முடிந்ததா என்று கேட்டால் ஆமாம், இல்லை என்ற இரண்டு பதில்தான் உண்டு. மூன்றாவதாக நாம் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். சொல்பவர் பொய்யர் என்பதில்லை. கெட்ட செய்தியைக் கொண்டுவருபவரே அந்தச் செய்திக்குப் பொறுப்பாளி ஆகிவிடுகிற இடத்தில், புத்தியுள்ள எவரும் ஒரு வாரம் தள்ளிப் போடத்தான் பார்ப்பார்.

ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். மதியம் இரண்டு மணி. குவாலிட்டியில் இருக்கிற இளைஞர் சூப்பர்வைசரிடம் வருகிறார்.

“அண்ணே, காலையில ஓடுன லாட்ல துளை அளவு கொஞ்சம் அதிகமா வருது. கேஜ்ல பாத்துட்டேன்.”

“எத்தனை பீஸ்?”

“தெரியல அண்ணே. நான் பாத்த பத்துல மூணு.”

“நாலு மணிக்கு வண்டி ஏத்தணும் தம்பி. அடுத்த லாட்ல பாத்துக்கலாம்.”

சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. நாலு மணி வண்டி போகாவிட்டால் அவரைத்தான் கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். தவறான பீஸ் போனால் யாரைக் கேட்பார்கள் என்பது தெளிவாக இல்லை. ஆகவே தெளிவான பயத்துக்குப் பணிகிறார். பிறகு நடப்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை: வாங்கிய கம்பெனியின் அசெம்பிளி லைனில் பீஸ் பொருந்தவில்லை, போன் வருகிறது, நம் ஆட்கள் நாலு பேர் வேன் ஏறிப் போய் அவர்கள் ஸ்டோரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கிறார்கள், மாதக் கடைசியில் டெபிட் நோட் வருகிறது. இரண்டு மணிக்கே வண்டியை நிறுத்தியிருந்தால் ஒரு போன் காலும் ஒரு திட்டும்தான் செலவு.

டொயோட்டா இந்தக் கணக்கை வெகுகாலம் முன்பே போட்டுவிட்டது. அதன் வேர் கார் ஷெட்டில் இல்லை, தறியில் இருக்கிறது. குழுமத்தைத் தொடங்கிவைத்த சகிச்சி டொயோடா, இழை அறுந்தால் தானாக நின்றுவிடும் தறியைச் செய்தவர். 1924இல் வந்த அவருடைய தானியங்கித் தறியிலும் இந்த ஏற்பாடு இருந்தது. கோவையிலும் ஈரோட்டிலும் தறிக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டாம். அறுந்த இழையோடு ஓடிய தறி, துணியை நெய்யாது, கழிவை நெய்யும். அதே யோசனைதான் பின்னாளில் கார் லைனில் கயிறாக வந்தது. தவறைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுப்பார். உடனே லைன் நிற்பதில்லை. டீம் லீடர் ஓடி வருவார். வண்டி குறிப்பிட்ட இடத்தைத் தாண்டுவதற்குள் சரிசெய்ய முடிந்தால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும், முடியாவிட்டால் நிற்கும். கயிற்றைவிட முக்கியமானது அந்த லீடர் ஓடி வருவது. வந்து “ஏன் இழுத்தே?” என்று அவர் முறைத்தால், நாளைக்குக் கயிறு வெறும் அலங்காரம்.

சரி, நீங்கள் மேனேஜர் இல்லை. கெட்ட செய்தியை எடுத்துக்கொண்டு போகிற இடத்தில் இருக்கிறீர்கள். எப்படிச் சொல்வது? முதல் வாக்கியத்திலேயே விஷயம் வந்துவிட வேண்டும். “சார், ஒரு சின்ன விஷயம், அதாவது போன வாரம் என்ன ஆச்சுன்னா” என்று ஆரம்பித்தால் கேட்பவருக்கு அப்போதே ரத்த அழுத்தம் ஏறிவிடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “சார், வெள்ளிக்கிழமை டெலிவரி தவறப் போகுது. நாலு மாட்யூல்ல ஒண்ணு ரெடி இல்லை. மத்த மூணையும் வெள்ளிக்கிழமை குடுத்துடலாம், நாலாவது புதன்கிழமை. கிளையண்ட்கிட்ட இன்னைக்கே நீங்க பேசணும், அதுக்கான விவரத்தை மெயில்ல அனுப்பிட்டேன்.” என்ன நடந்தது, எவ்வளவு பெரியது, நான் என்ன செய்திருக்கிறேன், உங்களிடம் என்ன வேண்டும். இவ்வளவுதான். யாரால் நடந்தது என்பது இதில் இல்லை, கவனித்தீர்களா? அவர் கேட்டால் சொல்லலாம். முதல் மூச்சில் ஆள் பெயரைச் சொல்கிறவரை மேனேஜர் உதவியாளராகப் பார்க்க மாட்டார், கோள்சொல்லியாகத்தான் பார்ப்பார்.

நேரில் அல்லது போனில் சொல்லுங்கள்; பிறகு எழுத்தில் போடுங்கள். இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி தட்டிவிட்டுப் போனை அணைத்துவிடுவது சொன்னதாகக் கணக்கில் வராது. சொல்லும் நாளும் முக்கியம். வியாழக்கிழமை சொன்னால் அது பிரச்சினை. அதே சேதியை வெள்ளிக்கிழமை மாலை சொன்னால் துரோகம்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியத் தொழில்துறையில் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். உண்மையான லாபத்துக்கும் காட்டிய லாபத்துக்கும் இடையே ஆரம்பத்தில் இருந்தது சிறிய இடைவெளிதான், அதுதான் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது என்பது அவரே சொன்ன விளக்கம். சுமார் 50,000 பேரின் வேலை ஒரே காலையில் அந்தரத்தில் தொங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் டெக் மகிந்திரா எடுத்துக்கொண்ட பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது. முதல் காலாண்டில் ‘லாபம் குறைந்துவிட்டது’ என்று சொல்லியிருந்தால் பங்கு விலை கொஞ்சம் சரிந்திருக்கும். அவ்வளவுதான்.

லாபத்தைக் கேட்டவர்களிடம் கதவைக் காட்டியவர்

பிரச்சினையை நேருக்கு நேர் பார்ப்பது பாதி வேலை. பார்த்தபின் எதை வைத்து முடிவெடுப்பது என்பது மீதி. அங்கேதான் அடிப்படை விதிகள் தேவைப்படுகின்றன. இதற்கு எனக்குத் தெரிந்து பால் ஓ’நீலைவிட நல்ல உதாரணம் இல்லை.

1987இல் அல்கோவா என்ற அமெரிக்க அலுமினியக் கம்பெனிக்குத் தலைவராக வந்தார். நியூயார்க் ஓட்டல் ஒன்றில் முதலீட்டாளர்கள் கூட்டம். லாபம், செலவுக் குறைப்பு என்று எதையாவது சொல்வார் என்று காத்திருந்தார்கள். அவர் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். ஒரு தொழிலாளிக்கும் காயம் படாத கம்பெனியாக ஆக்குவதே தன் இலக்கு என்றார். இந்த அறையில் தீப்பிடித்தால் வெளியேறும் கதவுகள் எங்கே இருக்கின்றன என்றும் காட்டினார். கேட்டவர்களில் சிலருக்கு ஆள் தவறான இடத்துக்கு வந்துவிட்டாரோ என்ற சந்தேகம். பங்குகளை விற்றுவிடச் சொல்லித் தன் வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டவரும் உண்டு.

ஓ’நீல் போட்ட விதி ஒன்றுதான். எங்கே யாருக்குக் காயம் பட்டாலும், அந்தப் பிரிவின் தலைவர் 24 மணி நேரத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்; இனி அப்படி நடக்காமலிருக்க என்ன செய்யப் போகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்க எளிமையாக இருக்கிறது. நடத்திப் பார்த்தால் தெரியும். 24 மணி நேரத்துக்குள் பிரிவுத் தலைவருக்குத் தெரிய வேண்டுமென்றால் ஆலை மேலாளர் உடனே சொல்ல வேண்டும், அவருக்கு சூப்பர்வைசர் சொல்ல வேண்டும், சூப்பர்வைசருக்குத் தொழிலாளி பயமில்லாமல் சொல்ல வேண்டும். தீர்வும் சேர்த்துக் கேட்டதால், இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவரிடம்தான் யோசனை கேட்டாக வேண்டும். பாதுகாப்புக்கென்று வெட்டிய வாய்க்காலில் தரம், செலவு, இயந்திரக் கோளாறு என்று எல்லாச் சேதியும் ஓட ஆரம்பித்தது.

அவர் வந்த சில மாதங்களில் அரிசோனா ஆலையில் ஓர் இளம் தொழிலாளி இறந்துபோனார். நின்றுபோன இயந்திரத்தைச் சரிசெய்யத் தடுப்பைத் தாண்டிக் குதித்திருந்தார். விதியை மீறியவர் அவரே என்று கோப்பை மூடியிருக்கலாம். ஓ’நீல் அதிகாரிகளைக் கூட்டி, இவரைக் கொன்றது நாம்தான், இது என் தலைமையின் தோல்வி என்ற பொருளில் பேசினார். ஒருவர் தடுப்பைத் தாண்டும் அளவுக்கு அவசரம் எங்கிருந்து வந்தது என்பதல்லவா கேள்வி?

அவருடைய விதிக்கு உண்மையான சோதனை 1996இல் வந்தது. மெக்சிகோ ஆலை ஒன்றில் புகையால் தொழிலாளர்கள் சிலருக்கு உடல்நலம் கெட்டிருந்தது. விஷயம் ஓ’நீலுக்குத் தெரிந்ததே, பங்குதாரர் கூட்டத்தில் ஒரு கன்னியாஸ்திரீ எழுந்து கேட்ட பிறகுதான். விசாரித்ததில், பொறுப்பிலிருந்த மூத்த அதிகாரி கோளாறைச் சரிசெய்துவிட்டிருந்தார். மேலே மட்டும் சொல்லவில்லை. நல்ல லாபம் ஈட்டித் தந்தவர். வேலையை விட்டு அனுப்பினார் ஓ’நீல். இது கடுமை என்று வாதாடுபவர்கள் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லாபம் தருகிற ஆளுக்கு விலக்கு உண்டு என்று ஒருமுறை காட்டிவிட்டால் அது விதி அல்ல, சுவரில் மாட்டிய போஸ்டர்.

ஓ’நீல் வந்தபோது 100 தொழிலாளர்களுக்கு 1.86 ஆக இருந்த வேலைநாள் இழப்புக் காயங்கள், 2000இல் அவர் விலகிய சமயத்தில் 0.2 ஆகிவிட்டிருந்தன. கம்பெனியின் சந்தை மதிப்பு பல மடங்கு உயர்ந்தது. அந்த உயர்வு முழுவதையும் பாதுகாப்பின் கணக்கில் எழுதுவது மிகை. கம்பெனிகளை வாங்கிச் சேர்த்ததும் 1990களின் சந்தை ஏற்றமும் உண்டு. ஆனால் பாதுகாப்பைப் பார்த்தால் லாபம் போகும் என்றவர்கள் தோற்றது நிச்சயம்.

பாம்பனும் ஜம்ரூத்பூரும்

நம் பக்கத்தில் இ.ஸ்ரீதரனைச் சொல்லாமல் முடியாது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது பாம்பன் பாலத்தின் கர்டர்களும் கடலுக்குள் போயின. ஆறு மாதத்தில் சரிசெய்யலாம் என்று ரயில்வே கணக்குப் போட்டது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். இளம் பொறியாளரான ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். புது கர்டர் செய்து வரும்வரை காத்திருக்காமல், மீனவர்கள் அடையாளம் காட்டிய இடங்களில் கடலடியிலிருந்து பழையவற்றைத் தூக்கி மாட்டியதுதான் முக்கிய வேலை. யாரிடம் கேட்டால் உண்மை கிடைக்கும் என்று தெரிந்திருந்தது அவருக்கு.

எல்லோரும் புகழ்வது பாம்பனை. நான் 2009 ஜூலை 12ஐப் பெரிதாக நினைக்கிறேன். டெல்லி ஜம்ரூத்பூரில் மெட்ரோ கட்டுமானம் சரிந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒப்பந்ததாரர் மேல் பழியைத் தள்ள எல்லா வசதியும் இருந்தது. அப்போது டெல்லி மெட்ரோவின் தலைவராக இருந்த ஸ்ரீதரன் அன்றே தார்மிகப் பொறுப்பேற்று ராஜினாமா கொடுத்தார். முதல்வர் ஷீலா தீட்சித் ஏற்க மறுத்தார். ஸ்ரீதரன் தொடர்ந்து, 2011 முடிவில் ஓய்வு பெற்றார். நாள் தவறாமல் முடிக்க வேண்டும் என்று வேலைத் தளங்களில் மீதி நாட்களைக் காட்டும் பலகை வைத்தவர் அவர். அந்த அவசரமே பாதுகாப்பை அரித்ததா என்று கேட்கிறவர்களும் இருந்தார்கள். நியாயமான கேள்விதான். இரண்டு விதிகள் மோதும்போது எது மேலே என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருக்க வேண்டும். விபத்து நடந்த அன்று யோசிக்க நேரம் இருக்காது.

உங்கள் டீமில் நாலே பேர்தான் என்றாலும் இப்படி ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். பெரிய கொள்கை அறிக்கை வேண்டாம். வங்கிக் கிளையைப் பாருங்கள். அன்றைய ரொக்கம் டேலி ஆகாமல் கேஷியர் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. குறைவது பத்து ரூபாய் என்றாலும் தேடத்தான் வேண்டும். பத்து ரூபாய்க்காகவா இத்தனை பாடு என்று வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் அலுத்துக்கொள்வார்கள். பத்து ரூபாய்க்காக இல்லை. இன்றைய குறையை இன்றைக்கே கண்டுபிடிப்பது சுலபம், ஒரு மாதம் கழித்து யாராலும் முடியாது. உங்கள் வேலையில் ‘டேலி ஆகாமல் கிளம்பக் கூடாதது’ எது? ஒன்று தேடுங்கள். இரண்டுவரை போகலாம், மூன்று அதிகம். அது செய்தோமா இல்லையா என்று பார்த்ததும் தெரிவதாக இருக்கட்டும். ‘நேர்மையாக இருப்போம்’ என்பது விதியல்ல. ‘தாமதம் தெரிந்த அன்றே வாடிக்கையாளருக்குச் சொல்வோம்’ என்பது விதி.

விதியைப் போட்டவர் முதலில் தன்மேல் போட்டுக்கொள்ள வேண்டும். டீம் லீடர் ஒன்பதே முக்காலுக்கு வந்துவிட்டு ஒன்பது மணிக்கு வருகைப் பதிவு கேட்டால், நாலு பேரும் சரி சார் என்று தலையாட்டுவார்கள். பின்னால் என்ன பேசுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும், நீங்களும் அப்படிப் பேசியவர்தானே.

கடைசியாக, பலரும் கேட்கிற கேள்வி: எங்கள் மேனேஜர் முலாலி இல்லையே, உண்மையைச் சொன்னால் அப்ரைசலில் கை வைப்பாரே? உண்மைதான், அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை திட்டு வாங்கியதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். நீங்கள் சொன்ன விதமும் காரணமாக இருந்திருக்கலாம், அன்று அவருக்கு மேலே இருப்பவர் அவரைத் திட்டியிருக்கலாம். அடுத்த முறை தீர்வோடு போங்கள், எழுத்திலும் வையுங்கள். ஆனால் உயிருக்கு ஆபத்தான விஷயம், பொய்க் கணக்கு, பொய்ச் சான்றிதழ், இவற்றில் இரண்டாவது வாய்ப்பெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். அதில் உங்களிடம் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். பின்னாளில் விசாரணைக்கு வருபவர்கள் தாளில் யார் கையெழுத்து என்றுதான் முதலில் பார்ப்பார்கள், யார் சொல்லிப் போட்டது என்பது அப்புறம்தான். திரும்பத் திரும்ப உண்மைக்குத் தண்டனைதான் கிடைக்கிறது என்றால் வேறு வேலை தேடுங்கள். கோபத்தில் எழுந்து வராதீர்கள். நோட்டீஸ் பீரியடை முழுசாக முடித்து, ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் கையில் வாங்கிய பிறகு கிளம்புங்கள்.